மிளகாய் வேருக்கு மூச்சு முட்டினால்...

கேள்வி: கரிசலில் அரை ஏக்கர் மிளகாய் போட்டிருக்கிறேன். போன வார மழையில் மூன்று நாள் தண்ணீர் கட்டி நின்றது. ஈரம் இருந்தும் செடி துவண்டு கிடக்கிறது. 'கால்சியம் வாங்கி இலையில் அடிங்க, வேர் பிழைச்சிடும்' என்கிறார் உரக்கடைக்காரர். அடிக்கலாமா?
- விளாத்திகுளம் வாசகர்

பதில்: காசை மிச்சம் பிடியுங்கள். வேருக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வேண்டும் என்பது சரி. ஆனால், அது தண்ணீரோடு மேலே ஏறுகிற சத்து. இலையில் அடித்தால் அங்கேயே தங்கிவிடும், வேருக்கு இறங்காது.

காற்றைவிடத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் நகரும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து வேர் 30 பங்கு சக்தி எடுக்கும் என்றால், இல்லாதபோது அதைப் புளிக்கவைத்து 2 பங்குதான் தேற்றும். செல்லுக்குள் அமிலம் ஏறி, தண்ணீர் நுழையும் வாசல்களும் மூடிக்கொள்ளும். வாட்டம் அதனால்தான்.

இந்த நெருக்கடியில் மணி அடிப்பது கால்சியம். ஆக்சிஜன் குறைந்த சில நிமிடங்களிலேயே, செல்லுக்குள் சேர்த்துவைத்த கால்சியம் வெளிப்பட்டு, புளிக்கவைக்கும் நொதியைத் தயாரிக்கச் சொல்கிறது. மக்காச்சோளத்தில் இந்த மணியை அடக்கிப் பார்த்தபோது அந்த நொதிக்கான மரபணு விழிக்கவில்லை, நாற்றுகளும் தேறவில்லை. இது போக, செல்லின் சவ்வை ஒழுகாமல் காப்பதும் கால்சியம்தான். ஒழுகினால் சர்க்கரை வெளியே கசியும், அழுகல் பூஞ்சைக்கு விருந்து.

சரி, உங்கள் நிலத்தில் கால்சியத்துக்குப் பஞ்சமா? உழும்போது சுக்கான் கல் மேலே வருகிறதா பாருங்கள். வந்தால், அத்தனையும் சுண்ணாம்புதான். குறைவது காற்று மட்டுமே.

இரண்டு வருஷத்துக்கு முன் நானும் ஒரு கூத்து செய்தேன். கத்தரிப் பாத்தியில் நின்ற தண்ணீரிலேயே ஜிப்சத்தை (கால்சியம் சல்பேட்) வாரி இறைத்தேன். பத்து நாள் கழித்துப் பிடுங்கினால் வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாத மண்ணில் சல்பேட் அப்படி நாறும் வாயுவாக மாறிவிடும் என்று படித்திருந்தும் செய்தேன். ஜிப்சம் போட மண் பரிசோதனையில் களர் (சோடியம் மிகுந்த மண்) என்று வரவேண்டும். அதுவும் மழைக்கு முன்பே போட வேண்டும்.

இன்றைக்கே வாய்க்கால் வெட்டி வடியுங்கள். கால் புதையாத பதம் வந்ததும் களைக்கொத்தால் மேல்மண்ணை லேசாகக் கிளறிவிடுங்கள். அப்புறம் ஒரு செடியைப் பிடுங்கி வேரை விரலால் உருவிப் பாருங்கள். தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் போய்விட்டது. வெள்ளை நுனி தெரிந்தால் ஒரு வாரம் பொறுங்கள், தளிர் வரும்.