பழைய பூங்காவைக் காப்பாற்ற: வாசகர் கேள்விகள்

கே: நூறு வயதைத் தாண்டிய பூங்கா ஒன்று எங்கள் குடியிருப்பை ஒட்டி இருக்கிறது. புதர் மண்டிக் கிடக்கிறது. இருபது பேர் சேர்ந்து வாரக் கடைசியில் சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ப: முதல் நாளே மண்வெட்டியை எடுக்காதீர்கள். பல வருட அலட்சியத்தில் பிழைத்துக் கிடந்ததெல்லாம் ஒரே நாள் ஆர்வக் கோளாறில் போய்விடும். புல்லுக்குள் சாய்வாகப் பதித்த செங்கற்கள் வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். இடிபாடு என்று நினைத்து அள்ளிக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். அது பழைய மலர்ப்பாத்தியின் விளிம்பாக இருக்கலாம். பாத்தி எப்படி வளைந்து போனது என்பதற்கு அதைவிட்டால் வேறு சாட்சி இருக்காது.

முதலில் பூங்கா யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட இடமென்றால் ஒரு குழி தோண்டவும் தனி அனுமதி தேவைப்படலாம்.

அடுத்தது ஆதாரம் திரட்டுவது. பழைய நில அளவை வரைபடம், பூங்கா திறந்த காலத்துச் செய்தித்தாள், அஞ்சலட்டைப் படங்கள், நிர்வாகத்தின் தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் தேடுங்கள். எத்தனை பெஞ்ச் வாங்கினார்கள், என்ன கன்று நட்டார்கள் என்பதெல்லாம் வரவு செலவோடு தீர்மானப் புத்தகத்தில்தான் கிடைக்கும். அக்கம்பக்கத்தார் வீட்டு ஆல்பங்களையும் விட்டுவிடாதீர்கள். படத்தில் நிற்பவர்களைப் பார்க்காமல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்: கிராதியின் வடிவம், விளக்குக் கம்பம், பாதையின் அகலம் எல்லாம் அங்கே இருக்கும்.

பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து, ஒவ்வொரு மரம், பெஞ்ச், கம்பம், படிக்கட்டுக்கும் எண் கொடுங்கள். மரமானால் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் சுற்றளவை எடுத்து எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களைக் குறித்துவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் நின்று அதே திசையில் படம் எடுங்கள். இந்தப் பூங்காவில் எது முக்கியம், ஏன் என்று ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். இனி எழும் தகராறுகளில் அந்தப் பக்கம்தான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

இது எங்கள் சொந்தக் கட்டுப்பாடு அல்ல. வரலாற்றுத் தோட்டங்களுக்காக 1981இல் எழுதப்பட்ட ஃப்ளாரன்ஸ் சாசனம், முழுமையான ஆய்வு இல்லாமல் மீட்டமைப்பு வேலையைத் தொடங்கவே கூடாது என்கிறது.

கே: கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டால் காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். மற்றவர்களை எப்படி இழுப்பது?

ப: கூட்டத்துக்கு இழுக்க வேண்டாம். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். காலை, நண்பகல், பள்ளி விடும் நேரம், இருட்டும் நேரம் என்று நான்கு வேளைகளில், ஒரு வேலை நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் பூங்காவில் பதினைந்து நிமிடம் நின்று யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று எண்ணிக் குறியுங்கள். யாரெல்லாம் வருவதே இல்லை என்பதும் இந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் கழிப்பறை, விளக்கு, ஊஞ்சல், உடற்பயிற்சிக் கருவி என்று எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும் பட்டியல்தான் வரும். பெரிய வரைபடத்தைப் பூங்கா வாசலிலேயே மேசை போட்டு விரித்து, 'எங்கே உட்காருவீர்கள்? எந்தப் பக்கம் போக மாட்டீர்கள்?' என்று கேட்டு, பச்சை, சிவப்பு வட்டங்களை ஒட்டச் சொல்லுங்கள். சிவப்பு ஒரே மூலையில் குவிந்தால் அந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பார்வையை மறைக்கும் புதரோ எரியாத விளக்கோ இருக்கும்.

ஏற்க முடியாத கோரிக்கைகளையும் காரணத்தோடு எழுதி அதே வாசலில் ஒட்டிவிடுங்கள். பதிலே வராமல் போனால்தான் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கே: பழைய புல்வெளியின் குறுக்கே நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. முள்வேலி போட வேண்டும் என்கிறது ஒரு கட்சி, கல் பதித்துவிடலாம் என்கிறது இன்னொரு கட்சி. எது சரி?

ப: மழை விட்டதும் குடையோடு போய்ப் பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். வளைந்து போகும் பழைய பாதையில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். செருப்பு நனையாமல் இருக்க ஜனங்கள் புல்லில் இறங்கியிருப்பார்கள். அப்படியானால் குற்றவாளி பாதைதான். மண், சரளைப் பாதையின் நடுப்பகுதி சற்று மேடாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு 40க்கு 1 என்ற சரிவு போதும்: இரண்டு மீட்டர் அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 2.5 செ.மீ. உயரம். காலடி பட்டு நடுப்பகுதி தேய்ந்து, ஓரத்தில் புல்லும் மண்ணும் ஏறிவிட்டால் பாதை வாய்க்காலாக மாறிவிடும். பெரும்பாலும் புது மண் கொட்டத் தேவையிருக்காது. ஓரத்தில் ஏறிய புல்விளிம்பைச் செதுக்கிவிட்டாலே தண்ணீர் வடியும்.

தண்ணீர் காரணமில்லை என்றால், பாதை எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்குப் போகிறது என்று பாருங்கள். பூட்டிக் கிடக்கும் பழைய வாசல் ஒன்றைத் திறந்துவிட்டதும் ஆள் நடமாட்டம் தானாகத் திரும்புவதுண்டு. பழைய வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு பாதை இருந்திருந்தால் இன்னும் நல்லது. ஜனங்கள் கால்களால் அதை மீட்டிருக்கிறார்கள், நீங்களும் மீட்டுவிடலாம். மூன்றும் இல்லையென்றால்தான் புதுப்பாதை பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பழையதைப் போல வேஷம் போடாத, பிற்காலத்தில் எடுத்துவிடக்கூடிய மேற்பரப்பாக இருக்கட்டும். முள்வேலி எந்தக் காலத்திலும் வேலைக்கு ஆகாது, சுற்றி இன்னொரு ஒற்றையடிப் பாதை விழும்.

மூடிய பாதையில் விதையை மட்டும் தூவினால் முளைக்காது. மண் கல்லாக இறுகியிருக்கும். நீளமான திருப்புளி ஒன்றைக் கையால் அழுத்திப் பாருங்கள், இரண்டு விரல் ஆழத்தில் நின்றுவிடும். குழல் முள் கவையால் (முட்கள் குழாய் போல இருக்கும் தோட்டக் கவை) 10 செ.மீ. ஆழத்துக்கு, 10 செ.மீ. இடைவெளியில் துளை போட்டு, வெளிவரும் மண் உருளைகளை அகற்றி, மணலும் சலித்த மட்கும் கலந்து துளைகளில் தள்ளுங்கள். அதன் பிறகு விதை. வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் கயிறு கட்டி, 'இந்தத் தேதியில் திறக்கும்' என்று எழுதிவையுங்கள். தேதி போட்டிருந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள்.

கே: பூங்காவின் பழைய செங்கல் சுவரில் இடைவெளிகளை நாங்களே சிமெண்டால் பூசினோம். இரண்டு வருடத்தில் செங்கல் முகம் உதிர்கிறது. செங்கல் மட்டமா?

ப: செங்கல் மட்டமில்லை. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். முன்பு அந்த ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியேறியது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் செங்கல் முகம் வழியாக வருகிறது. கூடவே வரும் உப்பு அங்கே படிகமாகி முகத்தைப் பெயர்க்கிறது. வெள்ளை பூத்திருப்பதைப் பாருங்கள், அந்த உப்புதான்.

சிமெண்டைக் கைச்சுத்தியும் மெல்லிய உளியும் கொண்டு எடுங்கள். மின்சாரத்தில் சுழலும் அறுப்புக் கருவி (கிரைண்டர்) ஒரு நொடி வழுக்கினால் செங்கல் ஓரம் போய்விடும். செங்கல்லோடு பெயர்ந்து வருமென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அதுவே குறைந்த சேதம். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, தண்ணீர் தெளியுங்கள். நன்றாக ஊறிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, கழுவிய கூர்மணல் (சொரசொரப்பான மணல்) 3 பங்கு. ஆழமான இடத்தை ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு தடவையாக அழுத்துங்கள். ஒரு வாரமாவது நனைத்த சாக்கு மூடியிருக்கட்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்தால் பொடியாகிக் கொட்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

கே: பெரிய மரத்தடியில் வட்ட மேடை கட்டி உட்கார வசதி செய்ய ஆசைப்படுகிறோம். மரத்துக்குக் கெடுதலா?

ப: கெடுதல்தான். ஆனால் உடனே தெரியாது, அதுதான் சிக்கல். மரத்தின் சல்லி வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 செ.மீ.க்குள் இருக்கிறது. மேடைக்காக மண்ணைக் கொட்டினால் அவற்றுக்குக் காற்று போகாது. அடித்தண்டில் மண் ஒட்டினால் பட்டை அழுகும். நுனிக்கிளை காயத் தொடங்கும்போது மேடைக்கு வயது ஐந்து ஆகியிருக்கும், யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு தூரத்தை வேர்களுக்கென்று ஒதுக்குவது வழக்கமான கணக்கு. சுற்றளவு 250 செ.மீ. என்றால் விட்டம் ஏறக்குறைய 80 செ.மீ.; மரத்தைச் சுற்றி 9.6 மீட்டர். இந்த வட்டத்துக்குள் கான்கிரீட், பள்ளம், வண்டி நிறுத்தம் எதுவும் வேண்டாம். உட்கார வேண்டுமென்றால் கால் ஊன்றிய மரப்பெஞ்ச் போடுங்கள். குழியைக் கையால் தோண்டி, 2.5 செ.மீ.க்கு மேல் தடித்த வேர் தென்பட்டால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். மீதி இடத்தில் 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு (மண்ணை மூடும் சருகுப் போர்வை), தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கே: முதல் நாள் 40 பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் 6 பேர். என்ன செய்வது?

ப: ஆறு பேரும் தொடர்ந்து வருகிறார்களா? அப்படியென்றால் பரவாயில்லை. பூங்கா முழுவதையும் எல்லோரும் பார்ப்பது என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பராமரிக்க 1980இல் தொடங்கிய அமைப்பு, பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு தோட்டக்காரர் பொறுப்பில் விட்டது. உங்களுக்கு ஆறு பகுதி போதும். ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், மாதத்தில் மாறாத ஒரு நாள், பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். ஏணி, மின்ரம்பம், பெரிய கிளை வெட்டுவது இவற்றைத் தன்னார்வலர்களிடம் கொடுக்கவே கூடாது.

கே: ஒருவர் தன் தாயார் நினைவாகப் பெஞ்ச் தர விரும்புகிறார். மறுக்க மனம் வரவில்லை.

ப: மறுக்க வேண்டாம், ஆனால் ஒரு விதியை முன்கூட்டியே எழுதிவையுங்கள். பூங்காவின் பழைய பெஞ்ச் வடிவத்திலேயே இருக்க வேண்டும். உடைந்து போன பழைய பெஞ்ச் நின்ற இடத்தில்தான் வரும். பெயர்த் தகடு பத்து ஆண்டுக்கு. பராமரிப்புத் தொகையும் சேர்த்துத் தர வேண்டும். இந்த விதி முதல் பெஞ்சுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். இரண்டாவது ஆள் கேட்டு வந்த பிறகு எழுதினால் அவரைப் பார்த்து எழுதியதாகத்தான் நினைப்பார்.