சாயத்தண்ணீர் வெளுத்துவிட்டால் சுத்தமாகிவிட்டதா?

சேலம் கொண்டலாம்பட்டியில் சிறிய சாயப்பட்டறை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "பிளாஸ்மா மிஷின் போட்டால் மருந்தே வேண்டாம், கரண்டிலேயே சாயத்தண்ணீர் சுத்தமாகிவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். எங்கள் தண்ணீரையே கண்முன்னால் வெளுக்க வைத்தும் காட்டினார். வாங்கலாமா?"

வெளுத்தது உண்மைதான். இந்த மிஷினில் பல ஆயிரம் வோல்ட்டில் தண்ணீர்ப் பரப்பில் பொறி பாயும்போது நீர் மூலக்கூறு உடைந்து, எதையும் உடனே தாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற துணுக்கு பிறக்கிறது. ஓசோனைவிட வீரியமானது. ஆனால் ஆயுள் மைக்ரோ விநாடிக் கணக்கில்தான். பிறந்த இடத்தில் எது அகப்படுகிறதோ அதைத் தாக்கிவிட்டு மறைந்துவிடும். துணிக்கு அதிகம் பயன்படும் அசோ வகைச் சாயத்துக்கு நிறம் தருவது இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவில் உள்ள பிணைப்பு. அது சீக்கிரமே அறுந்துவிடும். நான் பார்த்த ஒரு சோதனையில், குங்குமத்தைக் கரைத்தது போலிருந்த தண்ணீர் கால் மணி நேரத்தில் வடிகஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சிஓடி, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவைப் பார்த்தால் பாதிகூடக் குறையவில்லை. சாயம் துண்டு துண்டாகத் தண்ணீரிலேயே கிடந்தது. அந்தத் துண்டுகளில் அரோமேட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களும் இருக்கலாம்; அவற்றில் சில புற்றுநோய் வரவழைப்பவை. அவையும் உடைய வேண்டுமென்றால் இன்னும் நெடுநேரம் ஓட்ட வேண்டும், கரண்ட் பில் ஏறும்.

அப்புறம் உப்பு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்கு 50 கிராம் அளவில் உப்பு போடுகிறீர்கள், கூடவே சோடாவும். பிளாஸ்மா இந்த உப்பைத் தொடவே தொடாது. போதாததற்கு குளோரைடும் கார்பனேட்டும் சாயத்துக்குப் போக வேண்டிய ரேடிக்கலைத் தின்றுவிடும். காற்றில் பொறி விடும் மிஷினாக இருந்தால் நைட்ரிக் அமிலம் உண்டாகி, நைட்ரேட் கூடும். வெளியே விடும் தண்ணீரில் லிட்டருக்கு டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவு) 2,100 மில்லிகிராமையும் சிஓடி 250 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. வெளுத்த உப்புத்தண்ணீர் திருமணிமுத்தாற்றில் இறங்கினால், கரையோரக் கிணறுகளுக்கு அது பழைய சாயத்தண்ணீரைப் போலவே கெடுதல்தான். கண்ணுக்குத் தெரியாது என்பதால் எனக்கு இன்னும் பயம் அதிகம்.

எனவே முன்பணம் கொடுக்காதீர்கள். அலசிய தண்ணீரை விட்டுவிட்டு, சாயத்தொட்டியில் கடைசியாக வடிந்த தண்ணீரை ஒரு கேனில் பிடியுங்கள். மிஷினில் விடுவதற்கு முன்பும் பின்பும் அதே தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து சிஓடி, டிடிஎஸ், பிஎச் மூன்றையும் பாருங்கள். மிஷின் 2 கிலோவாட் இழுத்து ஒரு மணி நேரத்தில் 100 லிட்டர் முடிக்கிறது என்றால், ஆயிரம் லிட்டருக்கு 20 யூனிட். உங்கள் கட்டணத்தில் பெருக்கிப் பாருங்கள்.

சரி, இந்த மிஷினால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. கழிவைப் பாக்டீரியா தின்னும் தொட்டியைத் தாண்டியும் விடாமல் நிற்கும் நிறத்தை, உப்பைச் சவ்வில் வடிகட்டும் ஆர்.ஓ.வுக்குப் போகும் முன் எடுக்க நல்ல கருவி. ஆர்.ஓ.வுக்கும், மிஞ்சிய உப்புத்தண்ணீரை வற்றவைக்கும் ஆவியாக்கிக்கும் மாற்று என்று மட்டும் வாங்காதீர்கள். வாங்கினால் எர்த் சரியாக இருக்கட்டும். ஓசோன் வெளியேறும் குழாயைக் கூரைக்கு மேலே தூக்கிவிடுங்கள், ஆட்கள் நாள் முழுக்க நிற்பது அந்த ஷெட்டுக்குள்தான்.