பிளேட்லெட் குறைந்தால் உண்ணிக் காய்ச்சல்தானா?
வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவர்கள் பதில்கள்

எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. லேப் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) 38,000 என்று வந்தது. மருத்துவரோ கண்ணாடித் தட்டில் பார்த்துவிட்டு, 'இவ்வளவு மோசமில்லை' என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், மதுரை

கண்ணாடித் தட்டைத்தான் நம்ப வேண்டும். நாய்க்கு இயல்பான அளவு சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை. மெஷின், அணுக்களை அவற்றின் பருமனை வைத்துப் பிரித்து எண்ணுகிறது. பத்துப் பதினைந்து பிளேட்லெட் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டால், அதற்கு அவை பிளேட்லெட்டாகவே தெரிவதில்லை. நோயில் புதிதாக உருவாகும் பெரிய பிளேட்லெட்டுகளும் சில மெஷின்களில் சிவப்பணுக் கணக்கில் போய்ச் சேரும்.

கட்டி பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரத்தம் எடுத்த விதம். நாய் திமிறியிருக்கும், ஊசியை இரண்டு மூன்று இடத்தில் குத்தியிருப்பார்கள், ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்திருக்கும், ட்யூபில் விட்டபின் கலக்கத் தாமதமாகியிருக்கும். ஊதா மூடி ட்யூபில் கோடு வரை ரத்தம் நிறைய வேண்டும். குறைவாக விட்டால், ரத்தம் உறையாமலிருக்க ட்யூபில் உள்ள மருந்தின் செறிவு கூடி சிவப்பணு சுருங்கிவிடும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) உண்மையைவிடக் குறைவாக வரும். விட்ட உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. ஸ்மியரை (கண்ணாடித் தட்டில் மெல்லியதாகப் பரப்பும் ரத்தம்) அங்கேயே இழுத்துவிடுவது நல்லது.

எண்ணும் முறை எளிது. முதலில் சிறிய லென்ஸில் ஸ்மியரின் வால் ஓரத்தைப் பார்க்க வேண்டும், கட்டிகள் ஒதுங்குவது அங்கேதான். கட்டி இருந்தால் எந்த எண்ணையும் எழுதக் கூடாது. கழுத்து ரத்தக் குழாயில் ஒரே குத்தில் மறுபடி எடுக்க வேண்டும். நீல மூடி சிட்ரேட் ட்யூபில் எடுத்தால், வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். கட்டி இல்லையென்றால், சிவப்பணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரவியிருக்கும் இடத்தில் எண்ணெய் விட்டு 100 லென்ஸில் 10 புலங்களில் (புலம் என்பது ஒரு பார்வையில் தெரியும் வட்டம்) பிளேட்லெட்டுகளை எண்ணி, சராசரியை 15,000-ஆல் பெருக்குங்கள். சராசரி 9 வந்தால் 1,35,000. குறைவுதான். ஆனால் 38,000 அல்ல.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரேஹவுண்டு இனத்துக்கு நலமாக இருக்கும்போதே பிளேட்லெட் குறைவு, பி.சி.வி. அதிகம். அதே உடல்வாகுள்ள கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் தங்கள் நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

உண்ணிக் காய்ச்சல் என்று ஐந்து நாளாக டாக்ஸிசைக்கிளின் (ஆன்டிபயாடிக்) கொடுக்கிறோம். முன்னேற்றமில்லை. ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் காபி நிறம். ஹீமோகுளோபின் 6.8, பி.சி.வி. 20, பிலிருபின் (மஞ்சள் நிறமி) உயர்ந்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?
– வாசகி, கோயம்புத்தூர்

மருந்து வேறு நோய்க்கு உரியதாக இருக்கலாம். எர்லிக்கியா, உண்ணி பரப்பும், வெள்ளையணுக்குள் வாழும் கிருமி. அதில் முதலில் சரிவது பிளேட்லெட். ரத்தசோகை இருந்தாலும் மெல்லத்தான் வரும். டாக்ஸிசைக்கிளினுக்கு அது இரண்டு மூன்று நாளிலேயே இணங்கத் தொடங்க வேண்டும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா அப்படியல்ல, சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைக்கிறது. உடைந்த அணுவின் நிறம்தான் சிறுநீரில் இறங்குகிறது, கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. பிளேட்லெட் இதிலும் குறையும் என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பி.சி.வி. குழாயைச் சுழற்றி எடுத்ததும் மேலே நிற்கும் தெளிநீரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நிறமற்றோ வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டும். அடர்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் அணுக்கள் உடைகின்றன என்று பொருள். ஸ்மியரில் பெரிய, நீலச்சாயல் ஏறிய இளம் சிவப்பணுக்கள் தெரிந்தால் எலும்பு மஜ்ஜை ஈடுகட்டப் போராடுகிறது என்று அர்த்தம். அவை வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். முதல் நாளே காணவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பபீசியாவிலும் இரண்டு வகை நம் பக்கம் உண்டு. வோஜெலி பெரியது, பேரிக்காய் வடிவில் ஜோடியாக இருக்கும். காது நுனியைக் குத்தி எடுக்கும் ரத்தத்தில் எளிதாக அகப்படும். கிப்சோனி சின்ன மோதிரம்போல இருக்கும். நாள்பட்ட நோயில் ஸ்மியரில் தென்படாமலே போகும், அப்போது பி.சி.ஆர்.தான் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) வழி. இந்த வேறுபாடு மிக முக்கியம், ஏனெனில் மருந்தே மாறுகிறது. வோஜெலிக்கு இமிடோகார்ப் கிலோவுக்கு 6.6 மி.கி. தசையில், 14 நாள் இடைவெளியில் இருமுறை. முன்னதாக அட்ரோபின் போட்டால் எச்சில் வடிதலும் வாந்தியும் குறையும். கிப்சோனி இதற்குச் சரியாக மசியாது. அதற்கு அடோவாகோன் கிலோவுக்கு 13.3 மி.கி. எட்டு மணிக்கு ஒருமுறை, அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி. தினம் ஒருமுறை, இரண்டும் 10 நாள். அடோவாகோனைக் கொழுப்புள்ள உணவோடு கொடுக்காவிட்டால் உடம்பில் சேராது. இந்த அளவுகள் உங்கள் மருத்துவரோடு பேசுவதற்காக. நீங்களே கடையில் வாங்கிக் கொடுப்பதற்கு அல்ல.

பி.சி.வி. 15-ஐ நெருங்கி, மூச்சும் இதயத் துடிப்பும் எகிறினால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். கிலோவுக்கு 2 மி.லி. முழு ரத்தம் ஏற்றினால் பி.சி.வி. ஏறத்தாழ ஒரு புள்ளி உயரும். 25 கிலோ நாயை 14-லிருந்து 20-க்குக் கொண்டுவர 300 மி.லி. தேவை. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கான ரத்த வங்கி உண்டு. ரத்தம் தரும் நாய்க்கும் உண்ணி நோய்ப் பரிசோதனை கட்டாயம், பபீசியா ரத்தம் வழியாகவே போய்ச் சேரும். கடித்துக்கொண்டு சண்டையிடும் நாய்களிடையே கிப்சோனி பரவுவதும் இப்படித்தான்.

பப்பாளி இலைச்சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறும் என்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

டெங்குக் காலத்தில் பழகிய வைத்தியம் இது. நாயின் பிளேட்லெட்டை அழிப்பது கிருமியும், அதனால் தூண்டப்பட்ட நோய் எதிர்ப்பாற்றலும். சாறு இரண்டையும் தொடாது. அதைவிட, கசப்பில் நாய் வாந்தியெடுத்து மாத்திரையும் வெளியே வந்துவிடும். சாற்றை நம்பி இழக்கும் மூன்று நாள்தான் பெரிய நஷ்டம். காய்ச்சலுக்கு வீட்டிலிருக்கும் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஒருபோதும் வேண்டாம். இருக்கிற பிளேட்லெட்டையும் அவை செயலிழக்கச் செய்யும், வயிற்றில் ரத்தம் கசியும்.

பத்து நாளில் பிளேட்லெட் 2.4 லட்சம் ஆகிவிட்டது, நாய் துள்ளுகிறது. டாக்ஸிசைக்கிளினை நிறுத்தலாமா? கிட் டெஸ்ட் மட்டும் இன்னும் எர்லிக்கியா பாசிட்டிவ் காட்டுகிறது.
– வாசகி, திருச்சி

நிறுத்தாதீர்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. வீதம் 28 நாள். எண்ணிக்கை ஏறியது நோய் அடங்கியதைக் காட்டுகிறது, கிருமி ஒழிந்ததை அல்ல. மிஞ்சும் கிருமி மண்ணீரலில் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. பிளேட்லெட் லேசாகக் குறைந்தும், ரத்தப் புரதத்தில் குளோபுலின் கூடியும் இருக்கும், அவ்வளவுதான்.

மாத்திரையை உணவோடு கொடுத்து, பின்னாலேயே சிரிஞ்சில் சிறிது தண்ணீர் விடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் புண்ணாகிவிடும். பால், இரும்புச்சத்து டானிக், ஜெலுசில் போன்றவற்றோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், மருந்து உடம்பில் சேர்வது குறையும்.

கிட் காட்டுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய புரதத்தை. குணமான பிறகும் அது பல மாதம் இருக்கும். அதைப் பார்த்து மறுபடி 28 நாள் தொடங்குவது வீண். மருந்து முடிந்து சில வாரம் கழித்து ரத்த எண்ணிக்கையும், முடிந்தால் பி.சி.ஆரும் பாருங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றுமே குறைவு. மூக்கில் ரத்தம்.
– வாசகர், சேலம்

இன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூன்றும் ஒருசேரச் சரிவது எலும்பு மஜ்ஜை ஓய்ந்துவருவதன் அடையாளம். நாள்பட்ட எர்லிக்கியாவின் கடைசிக் கட்டம் இப்படியிருக்கும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கு மேல் இதில் மடிந்தன, அவற்றில் பெரும்பான்மை ஜெர்மன் ஷெப்பர்டுகள். இந்த இனத்தை நோய் கடுமையாகவே தாக்குகிறது. போகும் வழியில் மூக்கின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், நாயைக் குரைக்கவிடாமல் அமைதியாக வைத்திருங்கள். ரத்தம் எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் முழுதாக அழுத்திப் பிடியுங்கள்.

உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லை. பிறகு எப்படி?
– வாசகர், நாகர்கோவில்

குஞ்சு உண்ணி எள்ளைவிடச் சிறியது. குடித்துவிட்டு இறங்கிப் போயிருக்கும். எர்லிக்கியா பரவ, உண்ணி ஒட்டிய சில மணி நேரமே போதும். பபீசியாவுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ஆகவே தினமும் காது மடலின் உள்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தேடுவது பபீசியாவிலிருந்து காக்கும், எர்லிக்கியாவிலிருந்து முழுதாகக் காக்காது. அதற்கு மாதாந்திர உண்ணி மாத்திரையை இடைவிடாமல் கொடுப்பதும், சுவர் விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைப்பதும் வேண்டும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது நாயின்மேல் அல்ல, அந்த விரிசலில்தான்.