வௌவால் கத்துவது எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: வௌவாலுக்குக் கண் தெரியாதாமே?

பதில்: தெரியும். அடுத்தது.

கேள்வி: இருட்டில் பூச்சியை எப்படிப் பிடிக்கிறது?

பதில்: தேடும்போது நொடிக்குப் பத்து முறை போலக் கத்தும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், 1.7 மீட்டர் தள்ளியிருக்கும் பூச்சியில் பட்டுத் திரும்ப 10 மில்லிநொடி. அந்த இடைவெளிதான் தூரம். இரண்டு காதிலும் எதிரொலி விழும் வித்தியாசத்தில் திசை தெரிந்துவிடும். நெருங்க நெருங்கக் கத்தல் குறுகி அடுக்கடுக்காகும். பாயும் கணத்தில் சில இனங்கள் நொடிக்கு 150 முறையைத் தாண்டும். எனக்குப் பிடித்தது வேறு. கத்துவதற்குச் சற்று முன் நடுக்காதுத் தசை இறுகிவிடும். இல்லையென்றால் தன் சத்தமே தன் காதை மழுங்கடித்துவிடும். எதிரொலி வருவதற்குள் தசை தளர்ந்தாக வேண்டும்.

கேள்வி: நமக்கு ஏன் கேட்பதில்லை?

பதில்: நம் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலான வௌவால்கள் அதற்கு மேல்தான் கத்துகின்றன.

கேள்வி: அறைக்குள் ஒன்று வந்துவிட்டது. கையால் பிடிக்கலாமா?

பதில்: வெறும் கையால் தொடவே தொடாதீர்கள். ரேபிஸ் இருக்கலாம், பல் பட்ட தடம் கண்ணுக்கே தெரியாமல் போகும். விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவையுங்கள். கடித்திருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள், வௌவாலையும் வெளியே விடாதீர்கள், பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பழந்தின்னி வௌவாலும் இப்படிக் கத்தித்தான் வழி தேடுகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அவற்றுக்குக் கண்ணும் மூக்கும் போதும். அவற்றில் ரூசெட்டஸ் என்ற வகை இனங்கள் மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கின்றன.

கேள்வி: வழி தேடும் கத்தலிலேயே பேச்சும் உண்டா?

பதில்: உண்டு. ஒன்று பூச்சியைப் பாயும் சத்தம் கேட்டு மற்றவை அங்கே கூடுவது வழக்கம்.

மறுப்பு: அது ஒட்டுக்கேட்பது. பேச்சு என்றால் சொல்பவருக்கு நோக்கம் வேண்டாமா?

பதில்: பாயும் சத்தம் வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்துப் பைச்சிறகு வௌவாலைப் பாருங்கள். பறந்து வருவது பெண்ணின் வழிதேடும் கத்தல் என்றால் ஆண் காதல் பாட்டு எடுக்கும்; ஆணுடையது என்றால் மிரட்டும். ஆணா பெண்ணா என்ற தகவல் அந்தக் கத்தலிலேயே இருக்கிறது.

மறுப்பு: தடயமும் தகவல்தானே? காலடித் தடத்தை யாரும் பேச்சு என்பதில்லை.

பதில்: தடத்துக்கு யாரும் பாட்டால் பதில் சொல்வதும் இல்லை! சரி, நோக்கம்தான் வேண்டுமா? மெக்சிகோ வாலில்லா... மன்னிக்க, தனிவால் வௌவால், இன்னொன்று இரையைப் பாயும் நேரம் பார்த்து அதன் எதிரொலியைக் குழப்பவே ஒரு கத்தல் போடும். 2014இல் வெளியான ஆய்வு. அது வழி தேடும் கத்தல் அல்ல, அடுத்தவர் காதுக்கென்றே போட்டது.

கேள்வி: கண் தெரியாமல் எப்படிப் பறக்கிறது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குட்டிகளும் கத்துமா? கீழே விழுந்த ஒன்றை எடுத்துக் கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: கத்தும். பைச்சிறகுக் குட்டிகள் மனிதக் குழந்தைபோல மழலை பேசிப் பழகுகின்றன. எடுக்காதீர்கள், வெறும் கை கூடாது என்று மேலே சொல்லியாயிற்று. வனவிலங்கு மீட்பவர்களை அழையுங்கள்.