பின்னால் போட்ட நங்கூரம்

அன்புள்ள ஐயா,

எல்எஸ்டி-325 பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் டாங்கிகளைக் கரையில் இறக்கிய அமெரிக்கக் கப்பல். அது எத்தனை எதிரிக் கப்பல்களை மூழ்கடித்தது என்று எங்கும் இல்லை. இந்த வகைக் கப்பலை மாலுமிகளே ‘பெரிய, மெதுவான குறி’ என்று கேலி செய்தார்களாம். பெயர்கூட இல்லாத ஒரு சரக்குப் பெட்டியை அருங்காட்சியகமாக வைத்திருப்பது போர் மோகம் இல்லையா? அதில் எத்தனை டாங்கி கொள்ளும்?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

போர் மோகம் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம். பெயரும் பெரிய விஷயமில்லை, இந்த வகையில் ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள், யார் உட்கார்ந்து பெயர் வைப்பது? ஆனால் எத்தனை கப்பலை மூழ்கடித்தது என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. லாரியைப் பார்த்து எத்தனை பேரை இடித்தாய் என்றா கேட்பீர்கள்?

என் மாமா மணல் லாரி ஓட்டியவர். ஆற்றுக்குள் எப்போதும் ரிவர்ஸில்தான் இறங்குவார், வண்டியின் முகம் கரையைப் பார்த்தே நிற்கும். ஒருநாள் இன்னொரு வண்டி நேராக இறங்கி, லோடு ஏற்றியபிறகு அச்சுவரை புதைந்துவிட்டது. மாமா குனிந்து பின்சக்கரத்தடியில் கையாலேயே மணலை வாரி, பனைமட்டையைத் திணித்துக்கொண்டே, “திருப்பிப் போட உனக்கு மூணு நிமிஷம் ஆகுமாடா?” என்று அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தார்.

1944 ஜூன் 12-ல் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஓதம் இறங்கிக் கடல் வற்றி, இந்த 328 அடி நீளக் கப்பல் சுக்கானும் புரொப்பல்லரும் வெளியே தெரிய மணலில் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் முன்பக்கக் கதவையே பேசுகிறார்கள், டாங்கி அதன் வழியாக இறங்குகிறதாம், சரி. அந்தக் கப்பல் எப்படித் திரும்பிப் போனது என்று ஒருத்தராவது கேட்கிறீர்களா? கரைக்குச் சில நூறு கஜம் இருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு நங்கூரத்தை இறக்கிவிட்டு, கம்பிவடத்தை விட்டுக்கொண்டே போய்த்தான் மணலில் முட்டுவார்கள். ஓதம் ஏறியதும் வின்ச்சை ஓட்டி வடத்தைச் சுருட்டினால் கப்பல் தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அந்த நங்கூரம் இல்லாமல் அது 40 தடவைக்கு மேல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருக்குமா? இத்தாலியில் சிசிலி, சலேர்னோ கரைகளில் படை இறக்கியதெல்லாம் அதற்கு முந்தைய வருஷமே முடிந்த கதை. நார்மண்டியிலிருந்து திரும்பும்போது காலி வண்டி என்று நினைக்காதீர்கள், காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார்கள். கணக்குத்தானே வேண்டும்? 1944 டிசம்பர் 28-ல் ‘எம்பயர் ஜாவலின்’ என்ற துருப்புக் கப்பல் மூழ்கியபோது இந்தச் சரக்குப் பெட்டிதான் சுமார் 700 பேரைக் காப்பாற்றியது.

பெயரும் பின்னால் கிடைத்தது. 1964-ல் கிரீஸுக்குப் போனபோது ‘சீரோஸ்’ என்று பெயர் வைத்தார்கள், 1999 வரை அங்கே உழைத்தது. அப்புறம் சராசரி 72 வயதுக் கிழவர்கள், பழைய கடற்படைக்காரர்கள், கிரீஸின் கிரீட் தீவுக்குப் போய்த் துருவைச் சுரண்டி எஞ்சினைக் கிளப்பி, அட்லாண்டிக்கைக் கடந்து 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இப்போது இண்டியானாவில், ஓஹியோ ஆற்றங்கரையில் எவன்ஸ்வில்லில் நிற்கிறது. அந்தக் கிழவர்களிடம் போய்ப் போர் மோகம் என்று சொல்லிப் பாருங்களேன்.

டாங்கிக் கணக்கா? ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கி என்றால் சுமார் 20. இதற்குப் போய் என்னை இவ்வளவு எழுத வைத்துவிட்டீர்கள்.