கடலூர் – காலாப்பட்டு: தினமும் 70 கி.மீ. ஓட எந்தச் சிறிய கார்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன், வேலை காலாப்பட்டில். போகவர 70 கி.மீ., மாதம் 25 நாட்கள். வீட்டில் மனைவியும் ஒரு குழந்தையும் உள்ளனர். எட்டு லட்ச ரூபாய்க்குள் அதிகம் செலவு வைக்காத சிறிய கார் எது? புதியதா, பழையதா? பெட்ரோலா, சிஎன்ஜியா (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு)?

பதில்: காரின் பெயருக்கு வருமுன் உங்கள் சாலையைப் பார்த்துவிடுவோம். ஆல்பேட்டையைத் தாண்டியதிலிருந்து தவளக்குப்பம் வரை வண்டி ஓரளவு சீராக ஓடும். அரியாங்குப்பத்தில் தொடங்கும் நெரிசல் முருங்கப்பாக்கம், மரப்பாலம் வழியாக ராஜீவ் காந்தி சதுக்கம் வரை உங்களை முதல், இரண்டாம் கியரிலேயே வைத்திருக்கும். கோட்டக்குப்பம் கடந்த பிறகுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறுபடி வேகம் எடுக்க முடியும். நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜ் இத்தகைய பாதையில் கிடைக்காது. அதில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதே என் பழக்கம்.

மாதம் 1,750 கி.மீ. என்றால் ஆண்டுக்கு 21,000 கி.மீ. லிட்டருக்கு 18 கி.மீ. தரும் பெட்ரோல் கார் மாதம் சுமார் 97 லிட்டர் குடிக்கும். புதுச்சேரியில் பெட்ரோல் விலை கடலூரைவிடக் குறைவு என்பதால், எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டியே நிரப்புவீர்கள். லிட்டர் 96 ரூபாய் என்று கொண்டால் 9,300 ரூபாய் ஆகிறது. கிலோவுக்கு 25 கி.மீ. தரும் சிஎன்ஜி கார், கிலோ 90 ரூபாய் என்று வைத்தாலும், 6,300 ரூபாயில் முடித்துவிடும். சிஎன்ஜி மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடுகிறது. நாளொன்றுக்கு 20 கி.மீ. ஓட்டுபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தயங்காமல் சொல்கிறேன்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. நீங்கள் வேலைக்குப் போகும், திரும்பும் நேரத்தில் வழியிலுள்ள சிஎன்ஜி பங்க்குகளில் வரிசை எவ்வளவு நீள்கிறது என்பதை ஒரு வாரம் கவனித்துவிட்டு முடிவெடுங்கள். நிறுவனமே பொருத்தித் தரும் சிஎன்ஜி காரையே வாங்குங்கள். பெட்ரோல் காரை வாங்கி வெளியில் கிட் மாட்டுவது வாரண்டிக்கும் பாதுகாப்புக்கும் உகந்ததன்று. சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது விதி; அந்தச் சான்று தட்டில் உள்ள தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

மின்சார காரும் உங்கள் தூரத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பெரும்பாலான மின்சார கார்களின் விலை உங்கள் வரம்பை மீறும். சார்ஜ் செய்வதற்கே இரு மாதத்தில் ஏறக்குறைய 500 யூனிட் கூடும், 500ஐத் தாண்டினால் வீட்டு மின்கட்டண அடுக்கே மாறிவிடும்.

எட்டு லட்சத்துக்குள் வேகன் ஆர், செலிரியோ, டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ் ஆகியவை எல்லாம் டர்போ இல்லாத, எளிய இன்ஜின் கொண்டவை. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகியவை. மைலேஜ் மட்டுமே கணக்கு என்றால் வேகன் ஆரும் செலிரியோவும் முந்தும். ஆயினும் என் தேர்வு டியாகோ சிஎன்ஜிதான். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020இல் டியாகோ 4 நட்சத்திரம் பெற்றது. வேகன் ஆர் 2023இல் ஒன்றுதான் பெற்றது. பின்னதன் சோதனை விதிகள் கடுமையானவை என்பதும், 2025 முதல் வேகன் ஆரில் ஆறு ஏர்பேக்குகள் வருகின்றன என்பதும் உண்மை; ஆனால் ஏர்பேக் கூடினால் காரின் உடற்கூடு உறுதியாகிவிடாது. எதிர்ப்பக்கம் ஏறி முந்தும் பேருந்துகளுக்கு நடுவே குழந்தையோடும் செல்லப்போகும் உங்களுக்கு, மாதாந்திர எரிபொருள் செலவின் வித்தியாசத்தைவிட மோதல் சோதனை மதிப்பீடே பெரிது என்று நம்புகிறேன். சிலிண்டரை இரண்டாகப் பிரித்து அடியில் வைத்திருப்பதால் டிக்கியில் பை வைக்கவும் இடம் கிடைக்கிறது.

கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி வசதி மரப்பாலம் நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு தரும். ஆனால் உள்ளே இருப்பது அதே கிளட்ச் தட்டுதான். காலுக்குப் பதில் மோட்டார் அமுக்குகிறது. பாலத்தின் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைத்தால், கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபின், புதியதற்கும் பழையதற்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. எனவே புதியதையே பரிந்துரைக்கிறேன். பழையதுதான் வாங்க முடியும் என்றால், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை முதலில் பாருங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது கடலூரிலும் புதுச்சேரியிலும் பல கார்கள் மூழ்கின. விற்பவர்கள் இருக்கையைக் கழுவி, வாசனை தெளித்து, பாலிஷ் போட்டு நிறுத்துவார்கள். ஓட்டுநர் சீட் பெல்ட்டைச் சுருளிலிருந்து முழுவதும் வெளியே இழுத்து, கடைசி இரண்டு சாண் நாடாவைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே பழுப்புக் கோடு தெரிந்தாலோ, நாடா விறைத்து மணல் உதிர்ந்தாலோ, விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். ஸ்டெப்னி குழியில் படிந்த வண்டலும் இருக்கைத் தண்டவாளத் துருவும் அதே கதையைச் சொல்லும்.

சாலை வரி குறைவு என்று புதுச்சேரி முகவரியில் பதிவு செய்யச் சிலர் யோசனை சொல்வார்கள். நீங்கள் வசிப்பதும் வண்டி வழக்கமாக நிற்பதும் கடலூரில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி இங்கேதான் பதிவு செய்ய வேண்டும். போலி முகவரி கொடுத்துவிட்டு, பிறகு சோதனையில் சிக்கி வரியும் அபராதமும் கட்டுவதைவிட அந்தத் தொகையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

புக்கிங் செய்யுமுன், சிஎன்ஜி மாடலையே டெஸ்ட் டிரைவுக்குக் கேளுங்கள். பெட்ரோல் மாடலை ஓட்டிப் பார்த்தால் இழுவைக் குறைவு தெரியாது. மாலை ஆறு மணிக்கு, ஏசி போட்டு, மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்து, மரப்பாலம் நெரிசலில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இறங்கியதும் முட்டியோ இடுப்போ வலித்தால், என் தேர்வை ஒதுக்கிவிட்டு, பட்டியலில் உள்ள அடுத்த காரை அதே நேரத்தில், அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.