தசைக்குப் போட்ட ஊசி, பூஜ்யமான எண்ணிக்கை

கேள்வி: எனக்கு வயது 33. கல்யாணமாகி இரண்டரை வருடம். மனைவிக்கு எல்லாச் சோதனையும் சரி. என் விந்தில் ஓர் அணுகூட இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. உடம்பு ஏற ஒன்றரை வருடமாக ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அம்மா நேர்ந்திருக்கிறார். எனக்குக் குழந்தை பிறக்குமா?
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. காரணம் அந்த ஊசியாகத்தான் இருக்க வேண்டும். ஆண்மைக்கான ஊசி அணுவையும் கூட்டும் என்று பலர் நம்புகிறார்கள், நடப்பது நேர்மாறு. டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்ததும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விதையை வேலை செய்யத் தூண்டும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுரப்பதைக் குறைத்துவிடும். விதை தானாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது நின்றுபோகும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கும். அணு உருவாக வேண்டிய விதைக்குள் போதாது. விதையும் சுருங்கும்.

மருத்துவரிடம் ஊசியை மறைக்காதீர்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளுக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டு போங்கள். அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள், ஏனென்றால் சில மாதம் சோர்வும் ஆசைக் குறைவும் வரும். விதையை மறுபடி இயங்க வைக்கும் ஹெச்.சி.ஜி. ஊசியோ குளோமிஃபீன் மாத்திரையோ தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். ஓர் அணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகிறது. அதனால் எண்ணிக்கை மீளப் பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்வரை பிடிக்கும்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இன்னொரு மாதிரி கொடுங்கள். அதை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிவதையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் ஊசிதான் காரணம். எஃப்.எஸ்.ஹெச். உயர்ந்து விதையும் சிறிதாக இருந்தால் கோளாறு விதையிலேயே. குரோமோசோம் சோதனை தேவைப்படும். அப்போதும் விதையைத் திறந்து தேடினால் சிலருக்கு அணு கிடைக்கிறது. கிடைத்த அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் கருத்தரிக்க வைக்கலாம்.

அம்மாவின் நேர்த்தி நடக்கட்டும். சிகிச்சையை அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என் கணவரின் விந்து மாதிரியைக் குளிர்பெட்டியில் ஐஸ் வைத்து டர்பனில் உள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். அணுக்களின் அசைவு 12 சதவீதம்தான் என்கிறார்கள். போன மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல்.
வாசகி, போர்ட் ஷெப்ஸ்டன்

பதில்: சகோதரி, இந்த ரிப்போர்ட்டை வைத்துக் கவலைப்படாதீர்கள். குளிர் அணுவின் அசைவைக் கெடுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தின் கையில் சேராத மாதிரியை நம்பவும் முடியாது. உங்கள் ஊரிலிருந்து டர்பனுக்கு அதற்கு மேலேயே ஆகும். அங்கேயே போய்க் கொடுப்பதுதான் சரி. அதற்கு முன் விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும். எண்ணெய், கிரீம், எச்சில் எதுவும் படக்கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் அணு அதிகம். அது சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காய்ச்சலின் பாதிப்பு மூன்று மாதம்வரை தெரியும் என்பதால், அது கழிந்தபின் மறுபடி பாருங்கள். அப்போது மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுவும் 42 சதவீத அசைவும் இருந்தால் போதும்.